ஐந்தாம் தேதிக்கு ஆறாயிரம்

தாயில்பட்டி,
28.10.2024

அன்புத் தங்கை வாணிக்கு,

அண்ணன் பாண்டிமுருகன் எழுதுவது. நானும் உன் மதினியும் எழிலும் சுகம். கோயம்புத்தூரில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

சனிக்கிழமை பட்டாசுக் கம்பெனியில் போனஸ் போட்டார்கள். வீட்டுக்குக்கூட வரவில்லை. அப்படியே பஸ் ஏறி சாத்தூர் போய், ரத்தினசாமி அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி இருபத்தெட்டாயிரத்தையும் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை எண்ணினார். பீரோவைத் திறந்து புரோநோட்டை எடுத்து மேசை மேல் போட்டார்.

"ஏலே முருகா, ஏழு வருசத்துல ஒரு மாசங்கூட நீ என்னைய வீடு தேடி வரவச்சதில்ல. இனி எப்ப வாரே? வீடு கட்டப்போறியா, மகளுக்கு நகை போடப்போறியா? எதுன்னாலும் அண்ணாச்சி இருக்கேன், என்ன?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

கம்பெனி பாக்கி போன வருஷமே தீர்ந்தது. மதினியின் குழுக் கடன் சித்திரையில் தீர்ந்தது. இதுதான் கடைசி. அப்பாவை மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் வைத்திருந்ததற்கு வாங்கிய கடன் இத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்ப இனி யாருக்கும் குடுக்கவேண்டியது இல்லையா?" என்று மதினி கேட்டாள். இல்லை என்றேன். போய் உலை வைத்தாள். எட்டு மணிக்கெல்லாம் மூன்று பேரும் படுத்துவிட்டோம்.

தீபாவளிக்கு எழிலுக்கு மட்டும் துணி எடுத்தோம். நீ பணம் எதுவும் அனுப்பாதே.

உன் அண்ணன்,
பாண்டிமுருகன்


கோயம்புத்தூர்,
5.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். மழைக் காலத்தில் உங்கள் மூவருக்கும் காய்ச்சல், சளி எதுவும் அண்டாதிருக்க வேண்டும்.

விடுதி மாடிப்படியில் நின்றே கடிதத்தைப் படித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். சொல்லத் தோன்றவில்லை. போய் மூன்று நாள் துணியைத் துவைத்துப் போட்டேன். இத்தனை வருஷமாக வாசலில் காத்திருந்த களைப்பு, இடம் காலியானதும் உள்ளே வந்து படுத்துக்கொண்டது.

அண்ணா, இப்போது சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடன் முடிந்ததை நம் வீட்டுச் செலவுகளுக்குத் தெரியப்படுத்த வேண்டாம். மாதம் ஐந்தாம் தேதி அண்ணாச்சிக்குக் கட்டிய ஆறாயிரத்தை அதே ஐந்தாம் தேதி நம் ஊர் போஸ்ட் ஆபீஸில் போடுங்கள். உங்கள் பெயரும் என் பெயரும் சேர்த்து ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினால் போதும். வழக்கமாக நான் அனுப்பும் நாலாயிரத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டுப் போனுக்கு ரீசார்ஜ் பண்ணிவிடாதீர்கள். இத்தனை நாள் இரண்டரை ரூபாய் இன்லண்டு லெட்டரில்தானே பேசினோம்? அவசரம் என்றால் செல்லச்சாமி மாமா கடைக்கு நான் போன் பண்ணுகிறேன். பூஜை அன்று கம்பெனியில் கொடுக்கும் அட்வான்ஸை மட்டும் கையால் தொடக் கூடாது.

இன்னொன்று உங்களுக்கே தெரியும். அப்பாவின் காரியம் முடிந்த அன்று கொல்லையில் நின்று என்னிடம் சொன்னீர்கள்: "கடன் தீரட்டும் வாணி, மறுநா நான் அந்த மருந்து ரூமுக்குள்ள கால் வைக்கமாட்டேன்." அப்பாவை எரித்த வேலையையே அப்பாவின் கடனுக்காக நீங்கள் ஏழு வருஷம் செய்துவிட்டீர்கள். கடன் தீர்ந்துவிட்டது. பேக்கிங்குக்கு மாறிவிடுங்கள். வெடிமருந்து கலக்குகிற கை வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும். இப்படி எழுதுவது பாவம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மதினிக்கும் எழிலுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை,
இசைவாணி


தாயில்பட்டி,
4.12.2024

அன்புத் தங்கை வாணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எழிலுக்கு இரண்டு நாள் இருமல், கஷாயத்திலேயே சரியாகிவிட்டது. உன் உடம்பு எப்படி?

நேற்று கம்பெனி திறந்தார்கள். பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்ததும் போர்மேன் அய்யப்பன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு முப்பது, ஐம்பது என்று அட்வான்ஸ் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால் அடுத்த தீபாவளி வரை வேறு கம்பெனிப் பக்கம் திரும்ப முடியாது. உனக்குத் தெரியாததா? என் முறை வந்ததும் வேண்டாம் என்றேன்.

"ஏலே, பணத்த வேண்டாங்கிறவன இன்னைக்குத்தாம்லே பாக்கேன். என்ன, நடுச்சீசன்ல ஓடிப்போகலாம்னு பாக்கியா?"

"இல்லண்ணே, தேவையில்ல. அதான்."

பின்னால் நின்ற முனியராஜ், "அவன் மொதலாளி ஆயிட்டாம்ணே, நாளைக்கு அவந்தான் நமக்குக் குடுப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முனியராஜ் ஐம்பதாயிரம் வாங்கினான். அவன் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம்.

போஸ்ட் ஆபீஸில் கணக்குத் தொடங்கியாயிற்று. பாஸ்புக் மதினியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நீ சொன்ன மற்ற விஷயத்துக்கு, கம்பெனி இப்போதுதான் திறந்திருக்கிறது. பேசிப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்,
பாண்டிமுருகன்


கோயம்புத்தூர்,
17.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

அட்வான்ஸை வேண்டாம் என்று சொன்னதைப் படித்தபோது நானே அந்த வரிசையில் நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது. முனியராஜ் அண்ணன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"பேசிப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது?

இங்கே ஒன்பதாம் வகுப்புக் கணித வழிகாட்டிக்குப் பிழை பார்க்கிறேன். விடைப் பக்கத்தில் மட்டும் பதினோரு தப்பு. ஒருவன் ஏழு நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவன் ஐந்து நாளில் முடித்தால் இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேட்கிறார்கள். முடித்த பிறகு அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் இல்லை. சாயங்காலம் நூலகம் மூடும்வரை அங்கேதான் இருக்கிறேன். விளக்கும் மின்விசிறியும் அவர்களுடையது, புத்தகமும் அவர்களுடையது. இதைவிடச் சிக்கனமான பொழுது கிடைக்காது.

பொங்கலுக்கு வரவில்லை. அந்த வாரம் பஸ்காரர்கள் மூன்று மடங்கு கேட்கிறார்கள். அந்தப் பணத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், கணக்கில் போட்டுவிடுங்கள். எழிலிடம் அத்தைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
இசைவாணி


தாயில்பட்டி,
6.2.2025

அன்புத் தங்கை வாணிக்கு,

இங்கே சுகம், அங்கே நீயும் சுகமாக இரு. பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை அதிகம்.

பேக்கிங்குக்கு மாறிவிட்டேன். நீ இனி அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நேற்று ஐந்தாம் தேதி, ஆறாயிரம் போட்டேன். உன் நாலாயிரமும் சேர்ந்துவிட்டது. முனியராஜ் தங்கை கல்யாணத்துக்கு நூற்றொரு ரூபாய் மொய் எழுதினோம். பொங்கலுக்கு நீ வருவாய் என்று எழில் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள். லீவு இல்லை என்று சொன்னோம்.

உன் அண்ணன்,
பாண்டிமுருகன்


கோயம்புத்தூர்,
19.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணி எழுதுவது. சுகம், சுகம், சுகம்! எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற சொல்தான், இன்றைக்குத்தான் உண்மையாக எழுதுகிறேன். உங்கள் மூவரின் சுகத்தையும் விசாரிக்க வேண்டிய இடம் இது. அதை உங்கள் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துகொண்டேன்.

பத்து மணிக்குப் பக்கத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அப்பாவுக்கு நடந்தது அந்த நேரம்தானே? நேற்று வாசலில் லாரி டயர் வெடித்தது. நான் தலையைத் தூக்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.

இனி நமக்கு ஒரே வேலைதான். இன்னும் மூன்று வருஷம் கடன்காரர்களாகவே வாழ்ந்துவிடுவோம், கடன் மட்டும் இல்லாமல். சம்பளத்தில் ஐந்நூறு கூட்டியிருக்கிறார்கள், அதை அப்படியே சேர்த்து அனுப்புகிறேன். நீங்களும் ஆறாயிரத்தை ஏழாயிரமாக்கப் பாருங்கள். கடையில் தேங்காய் எண்ணெயைச் சின்னப் பாக்கெட்டாக வாங்காமல் மாதத்துக்கு ஒரே தடவையாக வாங்கச் சொல்லி மதினியிடம் சொல்லுங்கள். எழிலுக்கு அடுத்த வருஷச் சீருடையை இரண்டு அங்குலம் பெரிதாகத் தைத்துவிடலாம். காப்பி அவசியமா என்றும் யோசியுங்கள். நான் விட்டு நான்கு வருஷமாகிறது, தலைவலிகூட வருவதில்லை.

அடுத்த தீபாவளிக்குள் கணக்கில் ஒரு லட்சம் தாண்டிவிடும். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உங்கள் தங்கை,
இசைவாணி


தாயில்பட்டி,
9.4.2025

அன்புத் தங்கை வாணிக்கு,

அனைவரும் சுகம். வெயில் தாங்கவில்லை. நீ மோர் குடி.

இரண்டு மாதமாக ஏழாயிரம் போட்டு வருகிறேன். வெயிலுக்காகப் பதினொரு மணிக்கெல்லாம் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். காப்பியை விட்டுவிட்டோம்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
பாண்டிமுருகன்


கோயம்புத்தூர்,
17.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். மூவரும் வெயிலில் அலையாமல் இருங்கள்.

ஏழாயிரம் போட்டது பெரிய விஷயம் அண்ணா. மதினிக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை ஒட்டிய இடத்தில் ஒரு பெருவிரல் பதிந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் திருப்பினால் வெள்ளியாக மின்னுகிறது. பேக்கிங்கில் அலுமினியப் பொடி பறக்குமா? சாயங்காலம் ஐந்துவரை ஓடும் பேக்கிங்கையும் இப்போது பதினொன்றுக்கே நிறுத்துகிறார்களா? தெரியாமல்தான் கேட்கிறேன்.

பாஸ்புக்கில் வட்டி ஏற்றியிருப்பார்கள், கொடுத்துப் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
இசைவாணி


கோயம்புத்தூர்,
3.5.2025

அண்ணனுக்கு,

நீங்கள் சுகம் என்பதைச் செல்லச்சாமி மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் சுகமாக இல்லை.

புதன்கிழமை பதினொன்றரைக்கு, பக்கத்து மேசையில் இருப்பவள் போனை நீட்டினாள். "ஒங்க ஊர்ப் பக்கந்தான இது?" வெம்பக்கோட்டை பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் வெடித்து நான்கு பேர். பெயர்கள் இன்னும் தெரியவில்லை என்று போட்டிருந்தார்கள். மாமா கடைக்கு ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தார்.

"ஒங்க அண்ணன் நல்லாருக்கான் தாயி. அது வேற கம்பெனி. இப்பத்தான் இங்கன வந்து பீடி வாங்கிட்டுப் போறான்."

உயிர் திரும்பியது. அதற்கு மேல் கேட்காமல் வைத்திருக்கலாம். கேட்டேன். "அண்ணன் எந்த ரூம்ல மாமா வேலை பாக்காக?"

"எங்கன போவான்? மருந்து ரூமுதான். என்ன, ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் மாமா என்றேன்.

மூன்று மாதம் என்னிடம் பொய் எழுதியிருக்கிறீர்கள். நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று எழுதியிருப்பீர்கள். எனக்கு அந்த நிம்மதி வேண்டாம். கடன் இல்லை, அட்வான்ஸ் இல்லை, அந்தக் கம்பெனியில் உங்களைக் கட்டிப்போட ஒரு கயிறும் இல்லை. அப்புறமும் ஏன் அந்த ரூமுக்குள் போகிறீர்கள்? பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த வாரம் நேரில் வந்து போர்மேனிடமே கேட்பேன்.

இசைவாணி


தாயில்பட்டி,
16.6.2025

வாணிக்கு,

மதினி அழகுமீனா எழுதுறேன். நாங்க உசுரோட இருக்கோம், நீயும் நல்லாருப்பேன்னு நெனைக்கேன். எனக்கு ஒன்னைய மாதிரி எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன், பிழை இருந்தா திருத்திக்கோ. ஒனக்கு அதான வேல.

ஒங்க அண்ணன் ஆறு வாரமா ஒன் காயிதத்தச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரியுதாக. எழுதுங்கன்னா, "என்னத்த எழுத?"ங்காக. அடுத்த வாரம் வாரேன்னு எழுதுன நீயும் வரல. அதான் நானே எழுதுறேன். அவுகளுக்குத் தெரியாது.

ஏன் அந்த ரூமுக்குப் போறீகன்னு கேட்டிருக்க. நெசமாவே ஒனக்குத் தெரியலயா? தையில பேக்கிங்குக்குப் போனது பொய்யில்ல. பதினாறு நாள் போனாக. அங்கன ஒருநாக் கூலி நாநூத்தம்பது. மருந்து ரூம்ல தொள்ளாயிரம். என் திரி வேலைக்கு முந்நூறு, அதுவும் நெதமும் கெடையாது. மாசத்துக்கு இருவத்தி நாலு நாள்னு வச்சுக்கோ. அரிசி, பாலு, எழில் வேன் காசு, ஒங்கம்மா வச்சுட்டுப் போன இந்த வீட்டுக்கு ஓடு மாத்துனது, எல்லாத்தையும் கழிச்சுட்டு அஞ்சாந்தேதி ஆறாயிரம் எங்கன இருந்து வரும்? நீயே போட்டுப் பாரு. கணக்குப் புஸ்தகத்துக்கெல்லாம் நீதான தப்பு பாக்க?

அந்தப் பதினேழாம் நா காலையில அவுக எந்திரிச்சு மருந்து ரூமுக்குப் போடுற பழைய காக்கி டவுசரத் தேடுனாக. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். அதுக்கு அப்புறந்தான் பேக்கிங்குக்கு மாறிட்டேன்னு ஒனக்கு எழுதுனாக. பின்னாடி நீ ஏழாயிரம்னு எழுதுன. அதப் படிச்சுட்டு அவுக சிரிச்சாக பாரு, நான் எந்திரிச்சுக் காப்பிப் பொடி டப்பாவப் பரண்ல ஏத்திட்டேன்.

எழில் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையளும் குற்றாலம் போச்சு. நானூத்தி அம்பது ரூவா. ஒருநாக் கூலி. "வேண்டாம்மா, அத்த திட்டும்"னு அவளே சொல்லிட்டா. ஒம்பது வயசுப் பிள்ள.

கோவிச்சுக்கிறாத. ரத்தினசாமி அண்ணாச்சியாவது மாசத்துக்கு ஒருநாத்தான் கேப்பாரு. ஒன் காயிதம் எப்ப வரும்னு இந்த வீட்டுல நாங்க மூணு பேரும் பயந்துபோய் இருக்கோம்.

நான் சொல்லுறதச் சொல்லிட்டேன். உடம்பப் பாத்துக்கோ. போன வருசம் வந்தப்பவே கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு.

மதினி,
அழகுமீனா


கோயம்புத்தூர்,
23.6.2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மதினி எழுதியதை அண்ணனும் படிக்கட்டும். மதினியை ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

மதினி சொன்னபடி போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழாயிரம் போடுங்கள் என்றும் மருந்து ரூமை விடுங்கள் என்றும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து நடக்க வழியே இல்லை. அண்ணன் எனக்குச் சொன்ன பொய்யை நான்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

அதைவிட மோசமான ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெருவிரல் அடையாளத்தைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் நகக்கண்ணில் பதினெட்டு வருஷம் பார்த்த நிறம் எனக்குத் தெரியாதா? தெரிந்தும் "தெரியாமல்தான் கேட்கிறேன்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். நேரில் வருவேன் என்று மிரட்டிவிட்டு வராமல் இருந்ததும் அதனால்தான். வந்தால் அந்தக் கையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி ஆனேன் என்று நாலைந்து நாளாக யோசித்தேன். அண்ணா, மதுரையில் நீங்கள் பணத்துக்காக ஊர் ஊராக அலைந்தீர்கள். ஆஸ்பத்திரி கவுண்டரில் நின்றது நான். பத்தொன்பது வயது. சாயங்காலம் ஐந்துக்குள் நாற்பதாயிரம் கட்ட வேண்டும் என்றார்கள். நான்கு மணிவரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அப்பா மேலே மூன்றாவது மாடியில் கிடந்தார். இன்றைக்கும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்கிறேன். கடனை அடைத்தோம், அந்த இடத்தைவிட்டு நான் நகரவில்லை. இன்னொரு தடவை அங்கே வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று சேர்த்தேன். எவ்வளவு சேர்த்தாலும் போதாது. அதற்காக, நான் யாருக்குப் பயந்தேனோ அவரையே அந்த ரூமுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

படித்தவள் என்று என்னை நம்பினீர்கள். எத்தனையோ பேருடைய வாழ்க்கையை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன், என் வீட்டுக் கூலியைப் படிக்கவில்லை.

எனக்கும் சொல்லாத ஒன்று உண்டு. விடுதியில் மதியச் சாப்பாட்டை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. நேற்றுத் திரும்பவும் பெயர் கொடுத்துவிட்டேன். ரசத்தில் உப்பே இல்லை, இருந்தாலும் சாப்பிட்டேன்.

வருகிற ஐந்தாம் தேதி எதுவும் போடாதீர்கள். அதற்கு அடுத்த மாதமும் வேண்டாம். கணக்கில் இருப்பதை எடுத்து வீட்டுச் செலவை ஓட்டுங்கள். அந்த ரூமைவிட்டு வெளியே வாருங்கள். எப்போது வந்தீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். நான் சரிபார்க்க மாட்டேன், நம்புவேன்.

எழிலுக்கு அத்தை நேரில் வந்து பதில் சொல்கிறேன்.

உங்கள்,
இசைவாணி


தாயில்பட்டி,
6.8.2025

அன்புத் தங்கை வாணிக்கு,

அண்ணன் எழுதுவது. மூவரும் சுகம். நீ இரண்டு வேளையோடு நிறுத்திக்கொண்ட விஷயத்தைப் படித்துவிட்டு உன் மதினி அன்றைக்குச் சாப்பிடவில்லை. இனி அப்படிச் செய்யாதே.

நீ கேட்ட தேதி ஜூலை 14, திங்கட்கிழமை. காலையில் கம்பெனிக்குப் போய், மருந்து ரூமுக்குப் போகாமல், நேராக அய்யப்பன் போர்மேனிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"ஏலே, தீபாவளிக்கு இன்னும் நூறு நாள்கூட இல்ல. அம்புட்டு ஆர்டரும் தலைக்கு மேல நிக்கி. இப்பப் போயி நின்னுக்கிடுதேங்கியே, நீ மனுசனாலே?"

"என் பேர்ல பாக்கி இருக்காண்ணே?" என்று கேட்டேன். நோட்டைப் புரட்டினார். இல்லை என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் முழுதாகப் புரட்டிவிட்டுத்தான் மூடினார். "போ, போயி எங்கனயும் நாசமாப் போ. திரும்ப வந்து கேட்டே, கேட்டுக்குள்ள விடமாட்டேன்" என்றார். சரி என்றேன்.

கேட் வரைக்கும் முனியராஜ் கூட வந்தான். தங்கை கல்யாணத்துக்கு வாங்கியதில் அவனுக்கு இன்னும் முப்பத்தெட்டாயிரம் பாக்கி. இந்தத் தடவை அவன் ஒன்றும் கேலி பண்ணவில்லை. "முருகா, வெளிய போயி எங்களுக்கும் ஒரு எடம் பாத்து வையி" என்றான். நான் போன பிறகு அந்த ரூமில் என் இடத்தில் அவன்தான் நிற்கிறான். உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். இனி எதையும் விடுவதில்லை என்று மதினி சொல்லிவிட்டாள்.

விஸ்வநத்தத்தில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் சேர்ந்திருக்கிறேன். காலண்டர் ஷீட்டை அடுக்கி லோடு ஏற்றுகிற வேலை. கூலி நானூற்றி இருபது. முதல் வாரம் இடுப்பு விட்டுப்போயிற்று. வீட்டுக்கு வர ஏழு மணியாகிறது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது உன் மதினி வாசலுக்கு வருவதில்லை, அடுப்படியில் இருந்தபடியே "சரி" என்கிறாள். ஏழு வருஷமும் வாசல்வரை வந்து தெரு திரும்புகிறவரை நின்றவள். கணக்கில் இருந்து மூவாயிரம் எடுத்தோம். காப்பி போடுகிறோம், காலையில் மட்டும்.

நேற்று ஐந்தாம் தேதி. போட வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். மதினிதான், "கொஞ்சம்னாலும் போட்டுட்டு வாங்க, கை பழகியிருக்கட்டும்" என்றாள். செலவு போக மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போனேன். போஸ்ட் ஆபீஸில் இப்போது ஷைலா என்று ஒரு பெண் வந்திருக்கிறது. நாரணாபுரம் பக்கம். சீட்டை வாங்கிப் பார்த்தது, பாஸ்புக்கைப் பார்த்தது, மறுபடியும் சீட்டைப் பார்த்தது.

"அண்ணாச்சி, மாசாமாசம் ஏழாயிரம் போட்டிருக்கீகளே, இதுல எழுநூறுன்னு இருக்கு. ஒரு சைபரு விட்டுட்டீகளா?"

"இல்லம்மா" என்றேன். "சரியாத்தான் எழுதியிருக்கேன்."

உன் அண்ணன்,
பாண்டிமுருகன்